காரு வர்றதுக்குள்ள வீடு போயிடுச்சு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல வந்துச்சே, கூகுள் மேப்ல தெருவ போட்டோவா காட்டுற ஸ்ட்ரீட் வியூல பழைய வீட்ட தேடிப் பாக்குறத பத்தி ஒரு கட்டுரை, அத எங்க வீட்ல எல்லாரும் படிச்சோம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எழுதுனவரு வெளிநாட்டுல உக்காந்து எழுதுனாரோ என்னமோ, கடலூர் பாண்டி பக்கம் இருக்குறவங்களுக்கு அதுல பாதி ஒத்தே வராது.

எங்க பெரியம்மா குடும்பம் பாண்டிலேர்ந்து பிரான்ஸ் போனவங்க, பெரியப்பா அந்த ஊரு பட்டாளத்துல இருந்தாரு (சொல்தா வீடுன்னு, அதாவது பிரெஞ்சு சிப்பாய் வீடுன்னு சொன்னா பாண்டிக்காரங்களுக்குப் புரியும்). பாரிஸ்க்கு வெளிய சார்செல்ங்கிற ஊர்ல ஒரு அடுக்குமாடில இருந்தாங்க. அந்தத் தெருவ ஸ்ட்ரீட் வியூல தொறந்து தேதிய தட்டுனா பழைய வருஷமெல்லாம் வரிசையா வருது, பிரான்ஸ்ல 2008லயே கேமரா வச்ச காரு ஓட ஆரம்பிச்சுடுச்சு, பழைய படத்தயும் பாக்குற வசதிய 2014ல குடுத்தாங்க. ஒண்ணுல பெரியம்மா வீட்டு பால்கனி கம்பில பச்சப் புடவ காயுது, அடுத்ததுல டிஷ் ஆன்டெனா, அதுக்கப்புறம் யாரோட சைக்கிளோ தொங்குது. அவங்க காலி பண்ணிட்டுப் போனது அந்த சைக்கிள்லயே தெரிஞ்சுடுது.

இப்ப நம்ம கதைக்கு வாங்க. 2011ல பெங்களூர்ல அந்தக் காரு ஓடுனப்ப போலீஸ் நிறுத்திட்டாங்க. அப்புறம் 2022 ஜூலைலதான் உள்ளூர் கம்பெனிங்க எடுத்த படத்தோட பத்து ஊர்ல ஆரம்பிச்சாங்க, அதுல தமிழ்நாட்டுக்குன்னு இருந்தது சென்னை ஒண்ணுதான். பாண்டி முத்தியால்பேட்டைல எங்க அம்மா பொறந்த வீடு, திண்ணை, அதுக்கு முன்னாடி தெருவ ஒட்டி மரத்தூண் வச்ச தாழ்வாரம், பாக்கப்போனா பாண்டில பழைய தமிழ் வீடு நெறைய அப்பிடித்தான், அத அதுக்கு ரொம்ப முன்னாடியே வித்து இடிச்சாச்சு. கீழ பார்க்கிங், மேல பிளாட்டு. எவ்ளோ தேதி தட்டுனாலும் அந்தத் தாழ்வாரம் வராது.

மேலேர்ந்து பாத்தா கொஞ்சம் கெடைக்கும், அத கட்டுரைல விட்டுட்டாங்க. கூகுள் எர்த்ல பழைய சாட்டிலைட் படத்த பின்னாடி தள்ளிட்டே போகலாம். ஓட்டு வீடு செவப்பா தெரியும், நடுவுல கறுப்பா ஒரு சின்ன சதுரம், அதான் முத்தம். இன்னும் முன்ன வந்தா செவப்பு போயி மொத்தமும் சாம்பல் கலர் ஆயிடும். இங்க மஞ்சக்குப்பத்துல நாங்க இருந்த வாடக வீட்டு மாமரத்தயும் இப்பிடித்தான் புடிச்சோம், 2011 டிசம்பர் 30 தானே புயல்ல சாஞ்ச மரம், அதுக்கு முந்தின படத்துல காம்பவுண்டே தெரியாம பச்சையா நிக்குது.

ஆனா மேப்ப அப்பிடியே நம்பவும் கூடாதுங்க. பாண்டி பீச் ரோட்ல மேரி கட்டடத்து (பழைய நகராட்சிக் கட்டடம்) முன்னாடி எங்கப்பா ஸ்கூட்டர்ல உக்காந்திருக்குற போட்டோ ஒண்ணு இருக்கு. இப்ப அங்க போயி நின்னு பாத்தாலும் சரி, நெட்ல பாத்தாலும் சரி, அதே தூணு அதே வெள்ளை, ஒண்ணுமே மாறல போலன்னுதான் பசங்க சொல்லுதுங்க. ஆனா போட்டோல அப்பாவுக்குப் பின்னாடி தெரியுற கட்டடம் 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்துடுச்சு, இப்ப இருக்குறது அதே மாதிரி திரும்பக் கட்டி 2021ல தொறந்தது. இத எந்த மேப்பும் சொல்லாது, வீட்ல இருக்குற பெரியவங்கதான் சொல்லணும். பழைய துறைமுகப் பாலமும் அப்பிடித்தான், 2022 மார்ச்ல ஒரு பகுதி கடலுக்குள்ள போயிடுச்சு, முழுப் பாலம் தெரிஞ்சா அது அதுக்கு முந்தின போட்டோன்னு கண்ண மூடிட்டு எழுதி வைக்கலாம்.

ஆக நம்ம ஊருக்கு ஸ்ட்ரீட் வியூன்னா அது வீட்டு ஆல்பந்தான். ஆளுங்களுக்குப் பின்னாடி என்ன தெரியுதுன்னு பாருங்க, கடைப் பலகை, சினிமா போஸ்டர், கோயில் கோபுரம், கரண்ட் கம்பம். பீச் ரோட்ல கடலுக்கு முதுகு காட்டி நின்னு மூஞ்சி இருட்டா இருந்துச்சுன்னா அது காலைல எடுத்ததுன்னுகூட சொல்லிடலாம், சூரியன் அந்தப் பக்கந்தானே வரும். பின்னாடி பென்சில்ல தெரு பேரும் வருஷமும் எழுதிடுங்க, பால்பாயிண்ட் வேணாம், அழுத்துனா முன்பக்கம் தடம் விழுந்துடும்.

இன்னொண்ணு, நம்ம வீட்ட மேப்ல மறைக்கணும்னு கேட்டா மறைச்சுக் குடுப்பாங்க, ஆனா மறைச்சது மறைச்சதுதான், திரும்ப எடுக்க மாட்டாங்க. அண்ணன் தம்பி பொதுச் சொத்தா இருந்தா எல்லாரையும் ஒரு வார்த்த கேட்டுட்டு பண்ணுங்க.

உங்க பேப்பர்ல வாரத்துக்கு ஒரு கால் பக்கம் ஒதுக்கி, வாசகர் வீட்டுப் பழைய தெருப் போட்டோவையும் அதே எடத்துல இப்ப எடுத்ததயும் பக்கத்துல பக்கத்துல போடலாமே? வெள்ளைக்காரத் தெருவே வேணாம், அத ரீல்ஸ்ல தெனம் பாக்குறோம். முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, திருப்பாப்புலியூர், ஓல்டு டவுன்னு போடுங்க, கதவு நம்பர மட்டும் மறைச்சுடுங்க.

மொத போட்டோ நான் தர்றேன், அந்தத் தாழ்வாரத்துல அம்மா உக்காந்திருக்குறது. ஆனா ஸ்கேன் பண்ணித்தான் அனுப்புவேன், ஒரிஜினல் கேக்காதீங்க. கல்யாணத்துல ஸ்லைடு ஷோ போடணும்னு சொந்தக்காரப் பையன் வாங்கிட்டுப் போன ஆல்பமே இன்னும் வீடு வந்து சேரல, அவனுக்கு இப்ப ரெண்டாவது கொழந்தையும் பொறந்தாச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்