பாலிசியில் பெரியவன் பெயர் இல்லை

அன்புள்ள கோமு,

ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்ட வேண்டுமென்றால் திட்டிவிடு, ஆனால் திட்டி முடித்ததும் இதை முழுதாகப் படி, உன் மகள் விஷயமும் இதில் இருக்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நம் வகுப்பு மூன்றாம் பெஞ்சுக்காரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், அதே மூக்கு!

பெரியவன் கார்த்திகைக் கடைசியில் பெட்டி படுக்கையோடு சென்னையிலிருந்து வந்துவிட்டான். கம்பெனியில் அவன் டீமையே கலைத்துவிட்டார்களாம். வேலை போனதற்கு அழுதேனே தவிர, அதோடு கம்பெனி இன்சூரன்ஸும் போய்விட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மார்கழி பிறந்து நாலாம் நாள் ராத்திரி அவனுக்கு வீசிங். சின்ன வயதில் உன் மடியில் கிடந்து இழுத்தானே, அதே இழுப்பு. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் மாஸ்க் உள்ளே வெள்ளையாகப் பனி படர்வதும் கலைவதுமாக இருக்கிறது, நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கவுண்டரில் இருந்த பெண் வந்து மெதுவாகச் சொல்கிறாள், "அம்மா, பாலிசியில் இவர் பேர் இல்லையே."

ஒன்பது வருஷமாக நாலு பேர் பெயர் இருந்த எங்கள் குடும்ப மருத்துவ இன்சூரன்ஸ் தாள் கோமு. இப்போது மூன்றுதான். ஆவணியில் அவனுக்கு 25 முடிந்துவிட்டது, அதனால் டிசம்பர் 1 ரின்யூவலில் பெயரை எடுத்துவிட்டார்கள். பிரீமியம் குறைந்திருந்ததைப் பார்த்த இவர், செப்டம்பரில் 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்தார்களே, அதனால்தான் என்று நினைத்துப் போனிலேயே கட்டியிருக்கிறார். இரண்டு நாள் பில் 38,000 ரூபாய், கையிலிருந்துதான் போனது. பணம்கூடப் பரவாயில்லை, அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கமே போனது. ஏஜெண்ட், "தம்பிக்கு வேற கம்பெனியில புதுசா போட்டுக்கலாம்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார். புதிதாகப் போட்டால் வீசிங் செலவு கிடைக்க மூன்று வருஷம் வரை காத்திருக்க வேண்டும், தெரியுமா? நாங்கள் ஒளிக்காமல் எழுதிக்கொடுத்து, காத்திருந்து கழித்த வருஷமெல்லாம் வீண்.

சின்னவள்தான் ராத்திரி உட்கார்ந்து பாலிசிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தாள். வயது தாண்டிய பிள்ளைக்கு அதே கம்பெனியில் தனி பாலிசி எடுக்கலாம், பழைய வருஷங்கள் கணக்கில் சேரும், ஆனால் ரின்யூவல் தேதியிலிருந்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும். எங்களுக்குப் பத்து நாள்தான் மிச்சம்! மெயில் போட்டு, கிளைக்கும் நேரில் போய் உட்கார்ந்து, 27ஆம் தேதி பாலிசி கைக்கு வந்தது. காத்திருப்புக் காலம் முடிந்தது என்று அதில் அச்சடித்திருந்ததை மூன்று தடவை படித்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு 25 வயதில்தான் ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவே கால் நிற்காது, அப்போது பார்த்தா கைவிடுவார்கள்? ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாமே என்று இன்னும் ஆறவில்லை.

சரி, இப்போது உன் மகள். உனக்கு ஸ்கூலில் அரசாங்கக் காப்பீடு இருக்கிறது என்று நீ நிம்மதியாக இருப்பாய், எனக்குத் தெரியும். அதிலும் பிள்ளைகளுக்கு 25 வரைதான், வேலையோ கல்யாணமோ முந்தினால் அதுவரைதான். பங்குனியில் அவளுக்கு 25 முடிகிறது, ஆசிரியர் வேலைக்கான டிஆர்பி பரீட்சை எப்போது வருமோ யாருக்குத் தெரியும். அதனால் இந்தத் தையிலேயே அவள் பெயரில் சின்னதாக ஒரு பாலிசி போட்டுவிடு. முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் கிடைக்காது, அது பங்குனிக்குள் கழிந்துவிடும். தைராய்டு மாத்திரையை மறைக்காமல் எழுது, "சின்ன விஷயம்தானே" என்று யார் சொன்னாலும் கேட்காதே, நாளைக்கு அதைக் காட்டியே பில்லைத் தள்ளிவிடுவார்கள்.

பெரியவன் பக்கத்தில்தான் இன்டர்வியூவுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான், இன்ஹேலர் சட்டைப் பையில். கோமு அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறான். பாலிசி போட்டதும் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அவள் பெயரை நான் பார்க்க வேண்டும். 

உன்,
பானு