உள்ளே ரெண்டாங் இருக்கட்டும், வெளியே டோர்ட்டியா இருக்கட்டும்

சிங்கப்பூரில் இருபது, முப்பது இருக்கைகளோடு மெக்சிகன் ஃபியூஷன் உணவகம் நடத்தும் உரிமையாளர்களுக்கும் சமையல் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கலப்புச் சமையலைக் குறைசொல்ல இந்த மடலை எழுதவில்லை. மெக்சிகோவே கலந்து சமைத்துப் பழகிய நாடு. கறியையோ காய்கறியையோ டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் மடித்துச் சாப்பிடுவதுதான் டாக்கோ; அதில் அல் பாஸ்தோர் என்ற வகைக்காகச் சுழலும் இறைச்சிக் கம்பி, லெபனானிலிருந்து அங்கே குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மாவின் வாரிசு. பிலிப்பீன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை கப்பல்கள் ஓடின; மெக்சிகோவில் ஒரு மாம்பழ ரகத்துக்கு இன்றும் மணிலா என்றே பெயர். நம் குழம்பில் கிடக்கும் மிளகாயோ அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தது. 2008இல் லாஸ் ஏஞ்சலிஸில் சமையல்காரர் ராய் சோயின் கோகி உணவு வண்டி, கொரிய இறைச்சியை டாக்கோவில் வைத்து விற்றபோது ஊரே வரிசையில் நின்றது. ஆகவே தேங்காய்ப்பாலில் சுண்டிய ரெண்டாங் இறைச்சி, சம்பல் என்ற மிளகாய் விழுது, சில்லி கிராப் என்ற கார நண்டு என்று எதை வேண்டுமானாலும் வையுங்கள். எதில் வைக்கிறீர்கள் என்பதுதான் எங்கள் வழக்கு.

பல கடைகளில் நடப்பது இது: பொட்டலத்தில் வந்த கோதுமை டோர்ட்டியா, மைக்ரோவேவில் அரை நிமிடம், மேலே பன்னிரண்டு மணி நேரம் வேகவைத்த இறைச்சி. கோதுமை டோர்ட்டியா தப்பே இல்லை, வட மெக்சிகோவில் சொனோராக்காரர்கள் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் அவர்கள் அன்றன்று சுட்டுச் சாப்பிடுகிறார்கள். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கத் தயாரித்ததில் ஒரு புளித்த வாடை உண்டு. எத்தனை சாஸ் ஊற்றினாலும் அது போகாது.

மக்காச்சோள டோர்ட்டியா சுடுவது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. மாசா ஹரினா என்ற மாவு இங்கே இறக்குமதியாகிறது. அதை வாங்குங்கள். கேக் பகுதியில் விற்கும் சோள மாவு இதற்கு ஆகாது. எவ்வளவு பிசைந்தாலும் ஒட்டாமல் உதிரும். காரணம் சுண்ணாம்பு. மாசாவுக்கான மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போடுகிறார்கள். தோல் கழன்றுவிடும், மாவுக்குப் பிசுபிசுப்பு வரும், நியாசின் என்ற வைட்டமினும் உடம்பில் சேரும் நிலைக்கு மாறும். இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோன இத்தாலியிலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பரவியது. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, வேதியியல்படி அதே சுண்ணாம்புதான்.

ஒரு கிலோ மாவுக்கு 1.4 லிட்டர் வெந்நீர். பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி 20 நிமிடம் விடுங்கள். 30 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 80 டோர்ட்டியா வரும். ஓர் உருண்டையை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பாருங்கள்: ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, கையோடு வந்தால் கூடிவிட்டது. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு இடையே வைத்து அழுத்துங்கள், 12 செ.மீ. அகலம் போதும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், 230 டிகிரி அளவில். முதல் பக்கம் 20 விநாடி. ஓரம் லேசாகத் தூக்கும்போது திருப்பி, மறுபக்கம் ஒரு நிமிடம் வரை. மறுபடி திருப்பினால் புல்கா போல உப்ப வேண்டும். உப்பவில்லையென்றால் பெரும்பாலும் கல் சூடு குறைவு, அல்லது மாவு காய்ந்துவிட்டது.

இதற்குப் பிறகு வரும் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சுட்டதைத் துணியில் சுற்றி மூடிய பெட்டிக்குள் அடுக்கி வைத்தால் அதன் ஆவியிலேயே அது மெத்தென்று ஆகும். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்குப் போனால் மடிக்கும்போதே கிழியும். ஏர்கான் காற்று நேராக விழும் மேசையில் திறந்து வைத்த டோர்ட்டியா ஐந்து நிமிடத்தில் அட்டையாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். துணியோடு பரிமாறினால் என்ன குறைந்துவிடும்?

மக்காச்சோளத்தையே வாங்கி அரைக்க ஆசைப்படுவோருக்கு: ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளம், மூன்று லிட்டர் தண்ணீர், 10 கிராம் உணவுத் தரச் சுண்ணாம்பு. தோல் விரலால் தேய்த்தால் வழுக்கும் வரை மெல்லிய கொதி, பிறகு இரவு முழுக்க ஊறல், காலையில் அலசி அரைக்க வேண்டும். அரைத்த மாவு இந்த ஊர் வெக்கையில் அன்றே புளிக்கும், மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். அரைக்கும் இயந்திரத்தின் விலையையும் உங்கள் கடை வாடகையையும் பார்த்தால், சிறிய கடைக்கு மாவுப் பொட்டலமே புத்திசாலித்தனம் என்பது எங்கள் எண்ணம்.

இனி உள்ளே வைப்பது. வற்றச் சுண்டிய ரெண்டாங் டாக்கோவுக்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. 40, 50 கிராம் வைத்து, பச்சை வெங்காயம் தூவி, மேலே கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையைப் பிழிந்தால் தேங்காயின் கனம் இறங்கிவிடும். சில்லி கிராப் அப்படியல்ல. முட்டையும் மாவும் கரைத்த அந்தச் சாறு டோர்ட்டியாவை இரண்டு நிமிடத்தில் ஊறவைத்துக் கிழித்துவிடும். குழம்புள்ள எதற்கும் இதே கதிதான்.

அதற்கு மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்து இறைச்சிக் குழம்பான பிர்ரியாவிடம் வழி இருக்கிறது. குழம்பின் மேல் மிதக்கும் கொழுப்பைத் தனியே வழித்தெடுங்கள். டோர்ட்டியாவின் ஒரு பக்கத்தை அதில் தோய்த்துக் கல்லில் போடுங்கள். கறியைச் சாறில்லாமல் வடித்து வைத்து, மடித்து, ஓரம் மொறுமொறுப்பாகும் வரை விடுங்கள். சாற்றைச் சின்னக் கிண்ணத்தில் சுடச்சுடத் தனியே கொடுங்கள், தொட்டுக்கொள்ளட்டும். கொழுப்பு பூசிய பக்கம் ஈரத்தைச் சீக்கிரம் இழுக்காது. கோழிக்கறிக் குழம்புக்கும் இதே முறை பொருந்தும். நிறத்துக்குக் குவாஹியோ மிளகாய் கிடைக்காத நாளில் தேக்கா சந்தையில் காஷ்மீரி மிளகாய் வாங்கலாம். எதுவானாலும் வறுக்கும்போது சில விநாடிதான், கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும்.

அவகாடோ நசுக்கியதில் தயிர் கலந்து அளவைக் கூட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். விலை கட்டவில்லையென்றால் சிறிய கிண்ணமாகக் கொடுங்கள்.

அடுத்தது, நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். மெனுவில் பச்சை இலைப் படம் போட்டால் சைவம் ஆகிவிடாது. பொரித்த பீன்ஸ் (பயறு) விழுதில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். தக்காளிச் சாதம் கோழிச் சாற்றுப் பொடியில் வெந்திருக்கலாம். சம்பலில் பிளாச்சான் என்ற இறால் விழுது, சாஸில் மீன் சாறு. சில பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பை ரென்னட்டால் உறைந்தவை. இவை எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியாத இடம் உங்கள் கல்தான்: மாட்டிறைச்சி பிர்ரியாவின் கொழுப்பு பளபளக்கும் அதே கல்லில்தான் காளான் வைத்து மடித்த டோர்ட்டியாவான கேசடியாவும் வேகிறது. இறைச்சி சாப்பிட்டாலும் மாடு தொடாதவர்கள் இந்த ஊரில் ஏராளம், அவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு தனி வார்ப்பிரும்புக் கல்லும் ஒரு தனிக் கரண்டியும் வாங்கிவிட்டால் தீர்ந்தது. பீன்ஸை எண்ணெயில் தாளித்தாலும் ருசி குறையாது, வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டி வதக்க வேண்டும், அவ்வளவுதான்.

சைவ டாக்கோவுக்குப் பலாக்காய் வைக்கும் கடைகளுக்கு ஒரு வார்த்தை. டின்னில் வருவது உப்பு நீரில் கிடந்தது. இரண்டு முறை அலசி, கையால் பிழிந்து, நாரை உதிர்த்து, ஓரம் சிவக்கும் வரை எண்ணெயில் வறுத்த பிறகே மசாலா சேர்க்க வேண்டும். பிழியாமல் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு, உப்புக் கரித்துக்கொண்டு நிற்கும். மெக்சிகோவின் யுகத்தான் பாணியில் அச்சியோத்தே என்ற சிவப்பு விதை விழுதும் புளிப்பு ஆரஞ்சும் சேர்த்து வாழையிலையில் பொதிந்து வேகவைத்தால் இன்னும் நல்லது. இலையைத் தீயில் வாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மடிக்கும்போது பிளந்துவிடும்.

விலையைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. 8 வெள்ளி டாக்கோ மூன்று, 24 என்று மனக்கணக்குப் போட்டவர் கையில் 28.78க்கு ரசீது வருகிறது: 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. இவை இரண்டும் தனி என்று காட்ட விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போடுவது வழக்கம்தான். முழுத் தொகையையும் பக்கத்தில் அச்சடித்தால் இன்னும் சரியாக இருக்கும்.

மெனுவில் ஒவ்வொரு உணவின் கீழும் ஒரு வரி கேட்கிறோம்: எந்த டோர்ட்டியா, அங்கேயே சுட்டதா வாங்கியதா, எந்தக் கொழுப்பு, எந்தக் கல். சமையலறைக்குள் ஓடிப்போய்க் கேட்டு வராமல் பரிமாறுபவரே பதில் சொல்லும்படி அவருக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
டாக்கோ சுடவும் தெரிந்த உங்கள் வாடிக்கையாளர்கள் சிலர்