மூச்சு விட இடம் காட்டினவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை நான் எழுதின ட்ரியோ (மூணு பேர் வாசிக்கிற பீஸ்) ஒருவழியா மேடை ஏறிடுச்சு, ரெண்டு ஓபோ (நாகஸ்வரம் மாதிரி ஊதுற மேல்நாட்டு குழல்), ஒரு இங்கிலீஷ் ஹார்ன் (பேருதான் ஹார்ன், அதுவும் ஓபோ குடும்பம்தான், ஒரு பஞ்சமம் கீழ பேசும்), பீத்தோவன் ஓபஸ் 87 ட்ரியோல வச்ச அதே செட்டு, எனக்கு அந்த தைரியம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க. சால்டரெல்லோ, சிசிலியானா, பிட்ஸிக்கான்னு மூணு இத்தாலி ஆட்டத்த வச்சு மொத்தம் 11 நிமிஷம். உதவினவங்கள்ல பாதி பேருக்கு தமிழ் தெரியாது, அவங்களுக்கு இத்தாலியன்ல தனியா எழுதிட்டேன், ஆனா யாரு என்ன பண்ணாங்கன்னு நம்மாளுங்களுக்கும் தெரியணும்ல.

ஃபர்ஸ்ட் ஓபோ வாசிச்சவங்களுக்குத்தான் பெரிய கடன். பிட்ஸிக்கா நிக்காம சுத்துற ஆட்டம், தெக்கு இத்தாலில சலேந்தோ பக்கம் ஒரு காலத்துல சிலந்தி கடிச்சதா நம்பினவங்களுக்கு வைத்தியமா மணிக்கணக்குல வாசிச்சது, அதனால நானும் 90 பார் (பார்னா ஒரு தாளச் சுத்து) இடைவெளியே இல்லாம எழுதித் தள்ளிட்டேன். முதல் ரிகர்சல்ல 50வது பார்ல நிறுத்திட்டாங்க, முகமெல்லாம் செவந்து போச்சு. காத்து பத்தலயான்னு கேட்டேன், பத்தாம இல்ல, வெளிய போக மாட்டேங்குதுன்னாங்க. ஓபோ ரீட் (வாயில வச்சு ஊதுற நாணல் துண்டு) வாய் அவ்ளோ சின்னது, இழுத்த காத்துல கொஞ்சம்தான் உள்ள போகும், மிச்சம் நெஞ்சுலயே பழசாகி அடைச்சுக்கும், அத விட்டுட்டுத்தான் புதுசு இழுக்கணும், ஆக ஒரு மூச்சுக்கு ரெண்டு மூச்சு நேரம். கிளாஸ்ல இதெல்லாம் சொல்லிருப்பாங்க, என் மண்டைலதான் ஏறல. அப்புறம் மெட்ட மூணு பேருக்கும் பந்து மாதிரி கைமாத்தி விட்டேன், ஆட்டமும் நிக்கல, அவங்களும் பொழச்சாங்க.

செகண்ட் ஓபோ தம்பி, எல்லா நோட்டையும் நான் நாக்கால வெட்டி, அதாவது தனித்தனியா நாக்கு தட்டி ஊதுற மாதிரி, எழுதிருந்தத பாத்து சிரிச்சுட்டு, மூணு மூணா வர்ற இடத்துல ரெண்ட சேத்து ஒண்ண மட்டும் வெட்டி வாசிச்சு காட்டினான், சால்டரெல்லோ அப்பதான் குதிச்சுது. சிசிலியானா கடைசில ஓபோவோட அடிமட்ட பி ஃபிளாட் நோட்ட பியானிஸ்ஸிமோல (ரொம்ப மெல்லிசா) கேட்டிருந்தேன், அது வாத்து மாதிரி கத்துச்சு, இங்கிலீஷ் ஹார்ன்காரர் ஒண்ணுமே பேசாம பென்சில எடுத்து அத தன் பார்ட்ல எழுதிக்கிட்டாரு. பெரிய மனுஷன்.

அதே சலேந்தோல லெச்செ ஊர் பக்கத்து கிராமத்துல டம்புரெல்லோங்கிற கைமேளம் அடிக்கிற பாட்டி, மெட்ட எழுதிக்கிறியே அடிய எங்க எழுதுவன்னு கேட்டு, என் நோட்டுப் புத்தகத்த மூடி வச்சுட்டு ரெண்டு மணி நேரம் தொடைலயே தட்ட வச்சாங்க. என் ட்ரியோல மேளமே கிடையாது, ஆனா பிட்ஸிக்கால இங்கிலீஷ் ஹார்ன் கீழ வாசிக்கிறது முழுக்க அந்த தொடைத் தட்டுதான்.

ஊர்ல நாகஸ்வரம் வாசிக்கிற சித்தப்பாவுக்கு ரீட் படம் அனுப்பினேன், அட இது நம்ம சீவாளிக்கு சொந்தக்காரன்லடான்னு ஆரம்பிச்சவரு இன்னும் கேள்விய நிறுத்தல, ரிகர்சல் முடிஞ்சு நொந்து போய் வர்ற ராத்திரில எல்லாம் அவரு போன்தான் மருந்து.

கீழ் வீட்டுக்காரங்களே, நாலு மாசமா கீபோர்டுல ஒரே எட்டு பார், சாரி.

ஸ்கோர் கேட்டவங்களுக்கு இந்த வாரம் அனுப்பிடறேன். அதுல மூச்சுக்கு போட்டிருக்கிற கமா எல்லாம் அவங்க மூணு பேரும் ரிகர்சல்ல பென்சில்ல போட்டது, ஒண்ணக்கூட எடுக்கல, அப்படியே பிரிண்ட் பண்ணிருக்கேன்.