உன் ஃப்ளோரில் யாராவது உட்கார்கிறார்களா?

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நல்லா இருக்கேன். முட்டி வலி முன்னைக்கு இப்போது தேவலை. போனில் பேசினால் நடுவில் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடை சாத்தி ரூமுக்குப் போனதும் நிதானமாகப் படி.

ஜவுளிக்கடையில் ஃப்ளோர் மேனேஜர் ஆகிவிட்டேன் என்று நீ சொன்ன அன்று சாயங்காலமே பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை. ஆனால் போன வாரம் நீ சொன்ன ஒரு பேச்சு மனசில் தைத்துக்கொண்டே இருக்கிறது. "நாற்பது பேர்ல ஆடித் தள்ளுபடி முடிஞ்சதும் ஒன்பது பேர் வேலைய விட்டு நின்னுட்டாங்கம்மா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்றாய். அந்த ஒன்பது பேரில் வேப்பூர்க்காரப் பெண் ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள், தீபாவளி நேரத்தில் கழுத்தறுத்துவிட்டாள் என்றும் சொன்னாய்.

நான் இருபத்து நான்கு வருடம் ஜவுளிக்கடையில் நின்றவள், தம்பி. நின்றவள் என்று சும்மா சொல்லவில்லை. 1998இல் சேர்ந்தபோது காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பது, தீபாவளி என்றால் பதினொன்று. சாப்பிடும் அரை மணி நேரம் தவிர உட்கார இடம் கிடையாது. பார்ட்டி, அதான் துணி வாங்க வருகிறவர்கள், இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தாலே மாடியிலிருந்து குரல் வரும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் மூன்றாவது மாடியில், அதற்கு ஓர் ஆம்பிளை சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த வெட்கத்துக்குத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவோம். எங்கள் செக்‌ஷனில் இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து போகும்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராத்திரி என் காலைப் பிடித்துவிடுவாய், ஞாபகம் இருக்கிறதா? கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்துக்கொண்டிருந்த நரம்பை விரலால் தொட்டு, "இது என்னம்மா, புழு மாதிரி?" என்று கேட்டாய். நரம்பு சுருட்டிக்கொண்டதற்கு நான் கடைசி வரைக்கும் வைத்தியம் பார்க்கவில்லை. கடையில் வைத்தியக் காப்பீட்டுக்கென்று சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தார்கள். ஆனால் அந்த நம்பரை வைத்துக்கொண்டு எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தரும் எங்களுக்குச் சொன்னதில்லை. உன் ஆட்களில் இருபத்தோராயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் அந்தக் கார்டு உண்டு. கையில் இருக்கிறதா, குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கலாம் என்று தெரியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேள். உனக்கு அரை நாள் வேலைதான்.

புடவை விற்பது லேசான வேலை என்று உன் மேலே இருக்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நீ அப்படி நினைக்கக் கூடாது, நீயும் சேல்ஸில் இருந்து வந்தவன். ஒரு கல்யாண பார்ட்டி வந்தால் ஏழு பேர் வருவார்கள். பொண்ணு ஒரு கலரைப் பார்ப்பாள், பணம் அப்பாவிடம் இருக்கும், முடிவு மட்டும் ஓரமாக நிற்கிற அத்தை கையில் இருக்கும். அந்த அத்தை யார் என்று முதல் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. டியூப்லைட்டில் மாம்பழக் கலராகத் தெரிவது வெயிலில் வேறாகத் தெரியும், அதனால் வாசல் வரை எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். நாற்பது புடவை விரித்துக் காட்டி ஒன்றும் எடுக்காமல் போனாலும், முகம் மாறாமல் வாசல் வரை பார்த்துவிட்டு வந்து நாற்பதையும் மடிக்க வேண்டும். ஒன்பது பேர் போனார்கள் என்றாயே, அவர்களோடு எத்தனை வருடத்துக் கைப்பழக்கம் போனது என்று யோசித்தாயா? புதுசாக வருகிற ஒன்பது பேருக்கு ஒன்றிலிருந்து சொல்லித்தர வேண்டும், அதுவரை இருக்கிற முப்பத்தொரு பேரும் இரண்டு ஆள் வேலை பார்க்க வேண்டும். அதில் களைத்து இன்னும் நாலு பேர் போவார்கள்.

எனக்கு மூன்று மேனேஜர்கள் இருந்தார்கள். முதல் ஆளைப் பற்றி உன்னிடம் சொன்னதே இல்லை. ஒரு தீபாவளிக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய்ப் புடவை ஒன்று கணக்கில் குறைந்தது. ஆறு பேர் சம்பளத்திலும் தலைக்கு நானூறு பிடித்தார்கள். எனக்கு அப்போது மாதச் சம்பளமே இரண்டாயிரத்து எண்ணூறு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ரேக்கை நகர்த்தியபோது அந்தப் புடவை பின்னால் விழுந்து கிடந்தது. பணம் திரும்பி வரவில்லை, ஒரு வார்த்தைகூட வரவில்லை. பணத்தைவிட, ஆறு பேரும் ஒருத்தியை ஒருத்தி சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அந்த இரண்டரை மாதம்தான் இன்னும் ஆறவில்லை. அதே கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்த ஓர் அக்கா வேலையை விட்டு நின்றபோது, ரெஜிஸ்டரில் அவர் மூன்று முறை புதுசாகச் சேர்ந்ததாக எழுதியிருந்தது. தொடர்ந்து ஐந்து வருடம் வேலை செய்தால், விட்டு நிற்கும்போது வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் கிராஜுவிட்டியாகத் தர வேண்டும் என்று 1972லிருந்தே சட்டம் இருக்கிறது. அந்த ஐந்தைத் தொடவிடாமல் செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட உன்னிடம் யாராவது சொன்னால் போடாதே. வேலை போனால் போகட்டும், இங்கே வீடு இருக்கிறது.

இரண்டாவது மேனேஜரை நீ பார்த்திருக்கிறாய், தானே புயல் சமயத்தில் நம் வீட்டுக்கு வந்தாரே. 2011 டிசம்பர் 30, விடிந்தும் விடியாமலும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்த புயல். பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. நம் தெருவில் கரண்ட் இல்லை, முன்பக்க ஓடு பறந்துவிட்டது. நாலாம் நாள் அவர் மரங்களைத் தாண்டித் தாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். "எப்ப வேலைக்கு வர்றீங்க?" என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "வீடு எப்படிம்மா இருக்கு, பையன் எங்க படுக்கிறான்?" என்றுதான் கேட்டார். ஒவ்வொருத்தி வீட்டுக்கும் அப்படியே போய், யாருக்கு என்ன சேதம் என்று நோட்டில் எழுதி, முதலாளியிடம் காட்டி எல்லோருக்கும் ஒரு மாதச் சம்பளம் முன்பணம் வாங்கித் தந்தார். பொங்கல் வியாபாரத்துக்குக் கடை திறந்தபோது ஒரு ஆள் குறையாமல் எல்லோரும் வந்திருந்தோம். அவர் இருந்த வரைக்கும் எங்கள் செக்‌ஷனில் வேலையை விட்டு நின்றவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே கல்யாணமாகிப் போனவர்கள். அவர் கூடுதலாகச் சம்பளம் தரவில்லை. தரவும் அவரால் முடியாது.

உன்னாலும் முடியாது என்று எனக்குத் தெரியும். சம்பளம் முதலாளி கையில். ஆனால் யாருக்கு எந்தக் கிழமை லீவு என்று ஒரு மாதத்துக்கு முன்பே சுவரில் எழுதி ஒட்டுவது உன் கையில்தான் இருக்கிறது. எங்களுக்கு முதல் நாள் ராத்திரிதான் சொல்வார்கள். உன் பள்ளிக்கூட ஆண்டு விழா மூன்றுக்கு நான் வராமல் போனது அதனால்தான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்று கடைச் சட்டமே சொல்கிறது. சீசனில் யார் எத்தனை மணி நேரம் அதிகம் நின்றார்கள் என்று நீயாவது ஒரு நோட்டில் எழுதி வை. எழுதியிருந்தால்தான் மேலே போய்க் கேட்க முடியும்.

அப்புறம், பார்ட்டி முன்னால் யாரையும் திட்டாதே. அது ஒரு நாளும் மறக்காது. பார்ட்டி தகாத முறையில் பேசினாலோ, எட்டி வாங்குகிற சாக்கில் கையைத் தொட்டாலோ, அந்தப் பெண் உன்னிடம் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதே. சொல்லமாட்டாள். எங்களில் யாரும் சொன்னதில்லை. நீ நடுவில் போய் நின்று, "நான் காட்டுறேன் சார்" என்று புடவையை வாங்கிக்கொள். ஒரு விற்பனை போனாலும் சரி. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் இதற்கென்று ஒரு கமிட்டி இருந்தாக வேண்டும் என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் கடையில் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று உன் ஃப்ளோர் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

இப்போது உட்கார ஸ்டூல் போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். கேரளாவில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்கிற தையல் தொழிலாளியோடு சேர்ந்து உட்காருகிற உரிமைக்காகப் பல வருடம் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தினார்கள். 2021 செப்டம்பரில் நம் சட்டசபையிலும் வந்தது. அப்போது தொழிலாளர் நலத்துறை அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்த சி.வி. கணேசன், அன்று நம் மாவட்டத்துத் திட்டக்குடி எம்.எல்.ஏ. அன்றைக்கு டீ நேரத்தில் நாங்கள் பேப்பரைச் சுற்றி நின்று படித்தோம். பில் போடுகிற அக்கா அழுதுவிட்டார்.

கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள், செக்‌ஷனுக்கு இரண்டு. யாரும் உட்காரவில்லை. உட்காராதே என்று யாரும் சொல்லவில்லைதான். ஆனால் முதல் நாள் ஒருத்தி உட்கார்ந்தபோது அப்போதிருந்த மேனேஜர் அந்தப் பக்கம் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் ஸ்டூல் மேல் புடவைக் கட்டு ஏறிவிட்டது. நான் 2022இல் வேலையை விட்டு நின்ற வரைக்கும் அந்தக் கட்டு இறங்கவில்லை. சட்டசபையில் பாஸ் ஆன சட்டம், ஒரு மனுஷனுடைய பார்வையைத் தாண்டி எங்களிடம் வந்து சேரவில்லை, தம்பி. இப்போது அந்தப் பார்வை உன்னுடையது.

நாளைக்குப் பார்ட்டி இல்லாத நேரத்தில் நீயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எல்லோர் நடுவிலும் உட்கார். பக்கத்தில் இருக்கிறவளையும் உட்காரச் சொல். மேலே இருந்து யாராவது கேட்டால் சட்டம் இருக்கிறது என்று சொல். நீயும்தான் காலை முதல் நின்றுகொண்டிருக்கிறாய். மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுவதாகப் போனில் சொன்னாயே, அதையும் விடு. மேனேஜர் சாப்பிடாமல் நின்றால் கீழே இருக்கிறவர்கள் எப்படிச் சாப்பிடப் போவார்கள்?

பண்ருட்டியிலிருந்து வாங்கிய முந்திரி ஒரு கிலோ பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். உன் ஃப்ளோர் பிள்ளைகளுக்கும் கொடு.

அந்த வேப்பூர்ப் பெண்ணுக்குப் போன் போட்டுப் பார். ஏன் வரவில்லை என்று கேட்காதே, வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேள். எடுக்கவில்லை என்றால் அவள் விலாசத்தை எனக்கு அனுப்பு. விருத்தாசலம் போய் வேப்பூருக்கு பஸ் மாறிக்கொள்வேன். ஒரு நாள் வேலை, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா