நம்முடையது அல்லாத கடனை எதற்குக் கட்ட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் தன் மகனின் கிரெடிட் ரிப்போர்ட்டில் (ஒருவர் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் அறிக்கை) யாருடைய கடனோ ஏறியிருந்தது பற்றி உங்கள் வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். சின்னத் தொகைதானே என்று மகனைக் கட்டச் சொல்லிவிட்டாராம். மற்றவர்களும் அப்படியே செய்வதுதான் புத்திசாலித்தனம் என்று முடித்திருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் யோசனை தப்பு. டர்பனில் ஒரு மரச்சாமான் கடையின் கடன் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள் நான். இந்தத் தப்புகள் எங்கே பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

பலர் நினைப்பதுபோல, அந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் கிரெடிட் பியூரோக்காரர்கள் யாரையும் விசாரித்து எழுதுவதில்லை. கடைகளும் வங்கிகளும் போன் கம்பெனிகளும் மாதாமாதம் அனுப்புவதைச் சேர்த்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். அனுப்புகிற எங்களுடைய லட்சணத்தைக் கேளுங்கள். மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும் கடை வாசலில் வரிசை தெருவரை நிற்கும். நாங்கள் விண்ணப்பத்தைக் கையால் நிரப்புவோம், பின்னறையில் வேறொருத்தி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். நான் போட்ட 1 அவளுக்கு 7 ஆகத் தெரியும். வாடிக்கையாளர் வீடு மாறியிருப்பார், பழைய முகவரியே நிற்கும். கட்டில் கடனை முழுக்கக் கட்டி முடித்தவரின் கணக்கில் ஏதோ சில ரேண்ட் மிச்சம் நிற்கும். அதை மூட யாருக்கும் நேரம் இருக்காது. அதன்மேல் மாதக் கட்டணம் ஏறி ஏறி, கடைசியில் வசூல் வக்கீலிடம் போய்விடும். அந்த மனிதருக்கு விஷயமே தெரியாது. அடுத்து எங்கேயாவது கடன் கேட்கும்போதுதான் தெரியும்.

நம் ஆட்களுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனுக்குக் கொண்டுவந்தது. அப்புறம் வந்தவர்கள் பிள்ளைகளின் தலைமுறையில், ஊரில் பட்டப்பெயராக இருந்ததெல்லாம் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. நாயுடு, பிள்ளை, மூட்லி, செட்டி, படையாச்சி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தெருவில் நின்று "மிஸ்டர் பிள்ளை" என்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். முதல் எழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும் வைத்துக்கொண்டு ஆளை அடையாளம் காண முயன்றால் என்ன ஆகும்? இந்நாட்டு அடையாள எண் 13 இலக்கம் கொண்டது. முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த நான்கு இலக்கம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லி, ஒரே நாளில் பிறந்தவர்களையும் பிரித்துக் காட்டும். ஒரே நாளில் பிறந்த இரண்டு "மிஸ்டர் பிள்ளை"களின் எண்கள் முதல் பாதியில் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். பிற்பாதியை ஒழுங்காகப் பார்க்காத குமாஸ்தா கையில் அவர்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

என் நாத்தனார் மகனுக்கு நடந்தது இதுதான். ஃபீனிக்ஸ் பக்கம் வீடு வாங்க வங்கியில் பாண்ட் (வீட்டுக் கடன்) கேட்டான். சம்பளம் நன்றாக இருந்தும் வங்கி மறுத்துவிட்டது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "மாமி, ஐடிசி-யில் என் பேர் விழுந்துடுச்சாம்" என்றான். டிரான்ஸ்யூனியன் என்ற பியூரோவை இன்னும் அந்தப் பழைய பெயரால்தான் டர்பனில் சொல்கிறோம். காரணத்தை எழுத்தில் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, கடன் மறுத்தவர் கேட்டால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். பியூரோவின் தகவல்தான் காரணம் என்றால் எந்த பியூரோ, அதன் முகவரி என்ன என்றும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்கிய பிறகு ரிப்போர்ட்டை எடுத்தோம்.

அதில் ஒரு துணிக்கடைக் கணக்கு இருந்தது. பல மாதம் கட்டாமல் வசூலுக்குக் கொடுத்ததாகப் பதிவு. கூடவே ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் ஒரு முகவரி, ஜோஹானஸ்பர்க்கில் ஒரு வேலையிடம். பையன் ஜோஹானஸ்பர்க் போனதே கிரிக்கெட் பார்க்கத்தான். வசூல் ஆபீஸுக்கு போன் போட்டால் அந்தப் பெண் பாட்டுப் பாடுகிற மாதிரி சொன்னாள்: "பாதித் தொகை கட்டுங்கள் சார், உடனே எடுத்துவிடுகிறோம்." வீடு விற்பவர் அவசரப்படுத்துகிறார் என்று இவனும் பர்ஸை எடுத்துவிட்டான். நான் தடுத்தேன்.

ஏன் தடுத்தேன் என்பதுதான் உங்கள் வாசகருக்கு நான் சொல்ல வந்தது. பணம் கட்டினால் கடன் நம்முடையது என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி. பிறகு "அது நான் இல்லை" என்றால் யார் கேட்பார்கள்? கெட்ட பதிவு நீக்கப்பட்டாலும், மாதவாரியாகக் கட்டிய விவரம் ஐந்து வருஷம் வரை ரிப்போர்ட்டில் நிற்கலாம். அதாவது அந்த லெனேசியா மனிதர் தவறவிட்ட மாதங்களெல்லாம் இவன் பெயரில் நிற்கும். நிஜமாகவே நம் பழைய கடனாக இருந்தாலும் யோசித்துத்தான் கை நீட்ட வேண்டும். சாதாரணக் கடைக்கடன் மூன்று வருஷம் கட்டப்படாமலும், ஒத்துக்கொள்ளப்படாமலும், வழக்குப் போடப்படாமலும் இருந்தால் காலாவதி ஆகிவிடும். 2015 மார்ச்சிலிருந்து அப்படிப்பட்ட கடனை வசூலிப்பதே சட்டப்படி தடை. ஆனால் அந்த மூன்று வருஷம் முடிவதற்குள் ஒரு சின்னத் தொகை கட்டினாலும், கடன் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாலும், கணக்கு முதலிலிருந்து ஓடத் தொடங்கும். வசூல் பெண் ஏன் அவ்வளவு தேனாகப் பேசினாள் என்று இப்போது புரிகிறதா?

பையன் பியூரோவிடம் முறைப்படி ஆட்சேபம் போட்டான். அடையாளப் புத்தகத்தின் நகல், வீட்டுத் தண்ணீர் பில், டர்பனில்தான் வேலை பார்க்கிறான் என்று முதலாளி கொடுத்த கடிதம், தன் கையெழுத்தின் மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே கேள்வியை எழுதச் சொன்னேன்: கணக்கு திறந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். இதுதான் ஆணிவேர். ஆட்சேபம் வந்த பிறகு நம்பத்தக்க ஆதாரம் தேடி எடுப்பது அவர்கள் பொறுப்பு. அதற்கு 20 வேலை நாள் அவகாசம். ஆதாரம் கிடைத்தால் நமக்கு நகல் தர வேண்டும். கிடைக்காவிட்டால் பதிவை எடுத்தாக வேண்டும். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. துணிக்கடை எந்தத் தாளையும் காட்டவில்லை. எங்கிருந்து காட்டும்? பதிவு போய்விட்டது.

வீடும் போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். விற்றவர் காத்திருக்கவில்லை. அடுத்த வருஷம் வெருலத்தில் வாங்கினான். கடன் கேட்பதற்கு முன்னால், அவசரம் இல்லாத காலத்திலேயே, ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது இதனால்தான். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ், வெரிகிரெட் என்ற நான்கும் இங்கே பெரிய பியூரோக்கள். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் சுத்தமாக இருந்தால் மற்றதிலும் அப்படித்தான் என்று நம்ப வேண்டாம். நாமே ரிப்போர்ட்டைப் பார்த்தால், கடன் கட்டும் ஒழுங்குக்குப் பியூரோ போடும் மதிப்பெண் குறையும் என்று ஒரு பேச்சு கோயில் வாசலில்கூட ஓடுகிறது. குறையாது. கடன் கொடுப்பவர்கள் பார்த்துவிட்டுப் போவதுதான் விசாரணையாகப் பதிவாகி ஒரு வருஷம் நிற்கும்.

கையில் கிடைத்ததும் எல்லோரும் மதிப்பெண்ணைத்தான் தேடுகிறார்கள். நான் அதைக் கடைசியில் பார்ப்பேன். முதலில் அடையாள எண், அப்புறம் முகவரிகள், வேலையிடங்கள். நாம் குடியிருக்காத ஊர் ஒன்று அங்கே இருந்தால் கீழே ஏதோ காத்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு கணக்குகள். கட்டமாகப் போட்டிருக்கும் மாதவரிசையில் 0 என்றால் பாக்கி இல்லை, 1 என்றால் ஒரு மாதம் பின்தங்கியது, இப்படியே ஏறும். மூடிய கணக்கு திறந்ததாகக் காட்டுகிறதா, தெரியாத விசாரணை ஏதாவது உண்டா என்று பாருங்கள். நாம் கேட்காத கடனுக்கு வரிசையாக விசாரணைகள் இருந்தால் நம் பெயரில் யாரோ அலைகிறார்கள் என்று பொருள். 2020-ல் எக்ஸ்பீரியனிடமிருந்து சுமார் 2 கோடியே 40 லட்சம் பேரின் விவரங்களை ஒருவர் ஏமாற்றி வாங்கிப் போன நாடு இது. அப்படி சந்தேகம் வந்தால் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து அபிடவிட் எடுங்கள். தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்பு சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவும் செய்யலாம்.

கால அளவுகளையும் சொல்லிவிடுகிறேன், கெட்ட பதிவை எடுத்துத் தருகிறேன் என்று காசு வாங்கும் ஏஜென்ட்டுகள் இதை வைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள். தவறவிட்டது, வசூலுக்குக் கொடுத்தது போன்ற பதிவுகள் ஒரு வருஷம்தான் நிற்கலாம். அவற்றைப் போடுவதற்கு முன்னால் நமக்கு 20 வேலை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு ஐந்து வருஷம் அல்லது கட்டி முடிக்கும் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை. கட்டி முடித்த கடனாக இருந்தால் கடன் கொடுத்தவர் ஏழு நாளில் பியூரோவுக்குச் சொல்ல வேண்டும், பியூரோ ஏழு நாளில் கெட்ட பதிவை எடுக்க வேண்டும். முன்பெல்லாம் கட்டி முடித்த தீர்ப்பை எடுக்கவும் வக்கீல் வைத்து நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில் வந்த விதிகளுக்குப் பிறகு அந்த அலைச்சல் இல்லை. உங்கள் வாசகரின் மகன் கட்டிவிட்டார், சரி. கடன் தீர்ந்தது என்று கடன் கொடுத்தவர் தரும் "பெய்டு-அப் லெட்டர்" வாங்கி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அது இல்லாமல் போன் பேச்சை நம்பிவிட வேண்டாம்.

ஏஜென்ட்டுகள் பற்றி எழுத ஆரம்பித்தால் பேப்பர் போதாது. "பெயர் சுத்தம் செய்யப்படும்" என்று சாட்ஸ்வொர்த் விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கிறார்கள். பியூரோவுக்கு நாம் இலவசமாக அனுப்பக்கூடிய அதே படிவத்தை அனுப்பிவிட்டு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அதைவிட மோசம், போனில் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லவைத்து, கடன்களை மாற்றியமைத்துக் கட்டவைக்கும் டெட் ரிவ்யூ (கடன் மறுஆய்வு) ஏற்பாட்டில் சேர்த்துவிடுவது. கட்ட முடியாமல் மூழ்குகிறவருக்கு டெட் ரிவ்யூ சட்டம் தரும் உண்மையான பாதுகாப்பு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் இருக்கும் வரை புதிதாக ஒரு போன்கூடக் கடனில் வாங்க முடியாது. ரிப்போர்ட்டில் தப்பு திருத்த வந்தவரை அதில் தள்ளுவது தலைவலிக்குக் காலை வெட்டுகிற மாதிரி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். நம் வீடுகளில் மருமகளிடம் சம்பளச் சீட்டு இருந்தால் போதும், மாமனார் டிவியும் கொழுந்தனார் காலணியும் அவள் பெயரில்தான் வரும். அவர்கள் கட்டாவிட்டால் அந்தப் பதிவு தப்பான பதிவு அல்ல. கையெழுத்து அவளுடையது. உண்மையான பதிவை எந்த ஆட்சேபமும் எடுக்காது. என்னிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் கதை இதுதான். அவர்களுக்கு நான் பியூரோ படிவம் கொடுப்பதில்லை, கொழுந்தனாரை அழைத்து வரச் சொல்கிறேன்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எல்லா வேலைக்கும் ரிப்போர்ட் கேட்க முதலாளிக்கு உரிமை இல்லை. பணம் கையாளும், நம்பிக்கை தேவைப்படும் வேலைக்கு மட்டும்தான் பார்க்கலாம். அதுவும் நம் சம்மதத்தோடு.

பியூரோ நியாயம் செய்யாவிட்டால் தேசிய நிதி ஒம்புட் (குறைதீர்ப்பாளர்) அமைப்பிடம் போகலாம். முன்பு கடனுக்கென்று தனியாக இருந்த ஒம்புட் 2024 மார்ச் முதல் இதோடு சேர்ந்துவிட்டது. அங்கேயும் நமக்குச் செலவு இல்லை. பியூரோவின் பதிலையும் தேதிகளையும் பத்திரமாக வைத்திருங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் யாருக்காவது படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் இருப்பேன். ரிப்போர்ட்டை அச்சடித்து எடுத்து வாருங்கள். போன் திரையில் அந்தச் சின்ன எண்களைப் படிக்க என் கண்ணாடி ஒத்துழைப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கணக்கர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.