என் கப்பல் நின்ற கரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஷாங்காயிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. ஆபீஸ் ஜன்னலில் தெரியும் கோபுரங்களை உன் அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். நான் அதில் தேடியது வேறு: 1988இல் எங்கள் கப்பல் கட்டிக் கிடந்த இடம்.

வாங்பூ ஆறு யாங்சி ஆற்றில் கலக்கும் ஊசோங்கில், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறி, எங்களை வாங்பூவுக்குள் கொண்டுபோனார். ஷாங்காய் என்றால் 'கடல்மேல்' என்று அர்த்தமாம். ஊர் இருப்பதோ ஆற்றங்கரையில்! கரையிறங்க ஷோர் பாஸ் வாங்கிப் பஸ் ஏறினால் பண்ட் என்ற ஆற்றங்கரைச் சாலை. அபினிப் போரை முடித்த 1842 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர்களின் வங்கிகள், 1927இல் எழுந்த சுங்கக் கட்டட மணிக்கூண்டு எல்லாம் வரிசையாக நிற்கும். எதிர்க்கரைதான் உன் பூதோங். அன்று கிடங்கும் கப்பல் பட்டறையும், பின்னால் வயலும். 'பூதோங்கில் ஒரு வீட்டைவிடப் பூஷியில் ஒரு கட்டில் மேல்' என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். பூஷி என்றால் பண்ட் இருக்கும் மேற்குக்கரை. நடு ஊரில் பாலம் கிடையாது. சைக்கிளும் கையுமாக முண்டியடித்து ஃபெர்ரி ஏற வேண்டும். 1990இல் அரசு பூதோங்கை வளர்க்க முடிவெடுத்தது. மறு வருஷமே நான்பூ பாலம். அப்புறம் நடந்ததுதான் உன் ஜன்னலில் தெரிகிறது.

சரி, எனக்கு ஒரு குறை உண்டு. ஊர் வளர வளர, துறைமுகம் ஊரைவிட்டுப் போய்விட்டது. யாங்சி கொண்டுவந்து கொட்டும் வண்டலில் பெரிய கண்டெய்னர் கப்பலுக்கு ஆழம் போதவில்லை. நம் தூத்துக்குடியிலும் அந்தக் காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்கும், தோணி போய்ச் சரக்கு ஏற்றும். ஷாங்காய்க்காரர்கள் ஆழத்தைத் தேடிக் கடலுக்கே போனார்கள். 2005இல் யாங்ஷான் தீவுகளில் துறைமுகம், கரையிலிருந்து 32 கிலோமீட்டருக்கு மேல் பாலம். 2024இல் மொத்த ஷாங்காய் துறைமுகமும் கையாண்டது, இருபதடிப் பெட்டிக் கணக்கில், 5 கோடிக்கு மேல்.

என் கடைசிப் பயணம் அங்கேதான். இரவில் கட்டினோம், மறுநாள் மாலை கிளம்பிவிட்டோம். கிரேன் விளக்கைத் தவிர ஊரின் ஒரு விளக்கைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் மட்டும் ஷாங்காய் போய் வந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவை விட்டுவிட்டு ஃபெர்ரியில் பூஷி போ. பழைய சந்துகளில் மூங்கில் கழியில் துணி காயும், அதையும் படம் எடு. கோபுரம் போதும்.

கம்பளி உடுப்பு அனுப்பியிருக்கிறோம். அங்கே குளிர் வீட்டுக்குள்ளும் விடாது.

அன்புடன்,
அப்பா