கொட்டக் கொட்டப் புழு என்ன ஆகிறது?

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம், மழைதான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மாதமாக எனக்குப் பொழுது எங்கே போகிறது தெரியுமா? பின்கட்டு ஜன்னலில். மஞ்சளும் கறுப்புமாக, இடுப்பு நூல் மாதிரி இருக்குமே, அந்தக் குளவி அங்கே கூடு கட்டுகிறது. குழாயடி ஈர மண்ணை உருண்டை உருண்டையாக வாயில் கவ்விக்கொண்டு வந்து, காலையில் தொடங்கி மதியத்துக்குள் ஒரு குட்டிக் குடம் வனைந்துவிட்டது. குடத்துக்கு இருப்பது போலவே வாய்விளிம்பு வேறு! அப்புறம் பச்சைப் புழுக்களைத் தூக்கி வந்து உள்ளே தள்ளியது. கடைசியில் வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் பக்கத்திலேயே அடுத்த குடம்.

எட்டாம் வகுப்பில் நம் தமிழய்யா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? குளவி புழுவைக் கொட்டிக்கொண்டே இருக்கும், கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று. நான் அறுபது வயது வரைக்கும் அதை நம்பினேன். போன செவ்வாய்க்கிழமை விளக்குமாறு பட்டு ஒரு குடம் உடைந்து விழுந்தது. உள்ளே ஏழு புழு. ஈர்க்குச்சியால் தொட்டால் லேசாக நெளிகின்றன, நகர முடியவில்லை. குளவி கொட்டுவது புழுவைச் சாகடிக்க இல்லை, செயலிழக்க வைக்கத்தான். செத்தால் அழுகிவிடும் அல்லவா? கூட்டின் கூரையில் மயிரிழையில் ஒரு முட்டை தொங்கியதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீழே கிடந்தால் புழு நெளியும்போது நசுங்கிவிடும் என்றுதான் தொங்கவிட்டிருக்கிறதோ என்னவோ. அதிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்து, சுவரைக் கடித்துத் துளைத்து வெளியே வருகிறது. அடைத்தது புழு, வந்தது குளவி. பார்த்தவன் வேறெப்படி நினைப்பான்? அய்யா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பழமொழியைச் சொன்னவன் ஜன்னலோரம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறான், நடுவில் நடப்பது மட்டும் மண்ணுக்குள் மறைந்துவிட்டது.

இன்னொன்று. நேற்று மயில்கழுத்து நிறத்தில், வெயில் பட்டால் கண் கூசும் அளவுக்கு மின்னும் வேறொரு குளவி அந்தக் குடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுமே, அந்த வேலைக்காரி இது. மண்கூட்டுக்குள் தன் முட்டையைச் சேர்த்துவிடும், உள்ளே இருப்பது இதன் குஞ்சுக்கு இரை. விரட்டலாமா என்று கை எழுந்தது. அழகைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று என் மனைவி மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது தனிக் கதை, அடுத்த கடிதத்தில்.

உங்கள் அடுக்குமாடியிலும் ஏசி பெட்டிக்குப் பின்னால் பார், இருக்கும். தட்டிவிடாதே. இங்கே தீபாவளிக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள், அந்த ஒரு ஜன்னலை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு குடம் திறக்கவில்லை. முடிந்தால் அதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன் அன்பு மாப்ளே